நாலு பச்சை விளக்கு

அந்த வியாழக்கிழமை காலையில் சாமுவேல், சபையில் கொடுத்த நாட்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். தட்டில் மூன்றாவது இட்லி பாதி கிடந்தது. மனைவி கயல்விழி அதைக் காட்டினாள்.

“அதையும் தின்னுபோட்டுப் போங்க. வளைகாப்பு ஊட்டுல டிரைவருக்கு எலை போடறதுக்குள்ள மணி மூணாயிரும்.”

“மூணு மணிக்குப் போட்டாலும் அஞ்சு வகைச் சோறு அம்மணி. உன்ற இட்லியத் தின்னு வயித்த அடைச்சுக்கிட்டு, அங்க போயி வேடிக்கையா பாக்கச் சொல்ற?”

“அப்படீங்களா? நாளைக்குக் காலையில களிதான்.”

“களின்னா ரெண்டு உருண்டை சேத்திப் போடு” என்று சிரித்துக்கொண்டே சைக்கிளைத் தள்ளினான். புலியகுளத்திலிருந்து முதலாளி பங்களா இருக்கும் ரேஸ்கோர்ஸ் பத்து நிமிட மிதி. அவள் பாதி இட்லியைத் தானே தின்றுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கோர்ட்டுக்கு எதிரில் தான் வேலை பார்க்கும் டைப்ரைட்டிங் கடைக்குக் கிளம்பினாள்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் யாருடைய பாகப் பிரிவினைப் பத்திரத்தையோ அடித்துக்கொண்டிருந்தபோது கடைக்குப் போன் வந்தது. தாராபுரம் ரோட்டில் குண்டடத்துக்கு இந்தப் பக்கம், ஓடிக்கொண்டிருந்த காரின் எஞ்சின் திடீரென்று இறுகிப்போய்ச் சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி சுழன்று எதிரே வந்த லாரிக்குள் போயிற்று. சாமுவேல் அங்கேயே முடிந்தான். பின் சீட்டில் இருந்த முதலாளியின் மனைவி ராமாமணியம்மாள் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து போனாள்.

முதலாளி திருமலைசாமி இரண்டு நூற்பாலைகளுக்குச் சொந்தக்காரர். ஆஸ்பத்திரி வராந்தாவில், போலீஸ்காரர் எழுத எழுத, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “ஆயிலப் பாக்கறதுக்குத்தானய்யா அவன வெச்சிருந்தேன். அதக்கூடப் பாக்காம என்ற பொண்டாட்டியக் கொன்னுபோட்டான்.”

கயல்விழி அப்போது அங்கேதான், இரண்டு நாளாகக் கிடைக்காத பிணவறைச் சீட்டுக்காகச் சுவரோரம் நின்றிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வேறு மாதிரி சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர்கள், ஆயில் தார் போலக் கெட்டியாகிக் குழாய்களை அடைத்திருந்தது என்று எழுதினார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் அவள் கைக்கு வந்தபோது, ‘ஓட்டுநரின் கவனக்குறைவால்’ என்ற வரியில் கண் நின்றது. அதே வரியை எத்தனையோ வக்கீல்களுக்கு அவளே அடித்துக் கொடுத்திருக்கிறாள். அடிக்கும்போது ஒருநாளும் அது யாருடைய புருஷன் என்று நினைத்ததில்லை.

சுங்கம் சந்திப்பில் டிரைவர்கள் கூடும் டீக்கடையைத் தாண்டித்தான் அவள் தினமும் போக வேண்டும். மூன்றாம் வாரம் ஒருவன் சொன்னது காதில் விழுந்தது: “இருவது வருஷ சர்வீசாம். ஒரு சொட்டு ஆயிலப் பாக்கத் தெரியல. ரெண்டு உசிரு.”

அவள் நிற்காமல் நடந்தாள். ஆனால் அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். சாமுவேலைப் போல ஆயிலைப் பார்த்த டிரைவர் கோயமுத்தூரில் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். அந்த வாயை அடைக்க வேண்டும். அந்த வராந்தாவில் பேசிய வாயை முதலில்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பொட்டலத்தில் சீப்பும் லைசென்சும் அந்த நான்காக மடித்த தாளும் இருந்தன. தாளின் பின்பக்கம் ஒரே ஒரு சொட்டு ஆயில். பக்கத்தில் பென்சிலில் தேதி, மீட்டர் எண். இது சாமுவேலின் சொந்த வழக்கம். வாரத்துக்கு ஒருநாளும், வெளியூர் ஓட்டத்துக்கு முன்பும், எஞ்சினில் ஆயில் அளக்கும் குச்சியை உருவி, நாட்காட்டித் தாளின் வெற்றுப் பக்கத்தில் ஒரு சொட்டு வைப்பான். நல்ல ஆயில் என்றால் சொட்டு தேன் நிறத்தில் பரவி, சுற்றிலும் மெல்லிய வளையம் ஒன்று விடும். உழைக்க உழைக்க டீயாகும், பிறகு டிகாஷனாகும். நடுவில் கறுப்பு மட்டும் நின்று வளையமே விடாவிட்டால் ஆயில் செத்துவிட்டது என்று பொருள். தாள்களைக் கிளிப்பில் கோத்து அலமாரிக்குள் வைப்பான். அவள் திட்டுவாள், துணியெல்லாம் நாறுகிறது என்று.

பையிலிருந்த தாளில் வளையம் இல்லை. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் அந்த வண்டியை எடுத்தான்?

அதற்குப் பாதி பதில் அவளிடம் ஏற்கெனவே இருந்தது. கார், முதலாளியின் பங்காளி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. சாவி போட்டதும் மீட்டருக்குக் கீழே ஐந்து பச்சை விளக்கு எரியும். ஆயிலின் ஆயுள் குறையக் குறைய அவை ஒவ்வொன்றாக அணையும். பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு. மஞ்சள் வந்தால் ஆயில் மாற்ற வேண்டும். அதற்கான ஆயில் பம்பாயிலிருந்து டின்னில் வர வேண்டும், மாற்ற மெட்ராஸிலிருந்து ஆள் வர வேண்டும். இரண்டுக்கும் முதலாளி சொன்னால்தான் உண்டு. சாமுவேல் ஆடி மாசத்திலேயே போய்க் கேட்டான். திரும்பி வந்து அவரைப் போலவே பேசிக் காட்டினான்: “அஞ்சுல நாலு பச்சை எரியுது. வண்டியச் செஞ்சவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்? மஞ்ச வரட்டும் போ.” அன்றைக்கு அவள் சிரித்தாள்.

ஆக, கொன்றவர் அந்தக் கிழ முதலாளிதான் என்று கயல்விழி முடிவு கட்டினாள். ஆனாலும் ஒன்று இடறியது. ஆயில் செத்திருக்கும்போது விளக்கு ஏன் நாலு எரிந்தது?

தாள்களைத் தூக்கிக்கொண்டு வெள்ளியங்கிரியிடம் போனாள். அவர் சுங்கத்தில் கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவர், சாமுவேலோடு பழக்கம் உள்ளவர்.

“வாங்க அம்மணி. அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க, பேட்டரித் தண்ணி. சேலை ஓட்டையாயிரும்.”

அவள் நின்றபடியே கேட்டாள்.

“லைட்டுக்குக் கண்ணா இருக்குதுங்க? அது ஆயிலத் தொட்டும் பாக்கறதில்ல, மோந்தும் பாக்கறதில்ல. வண்டி எத்தன தூரம் ஓடுச்சு, எஞ்சின் எத்தன சுத்துச் சுத்துச்சுன்னு எண்ணிக்கிட்டே வரும். அந்த எண்ணிக்கைய வெச்சு, இந்நேரம் ஆயில் இப்படி இருக்கும்னு ஒரு நெனப்பு. நெனப்புத்தானுங்க. சாமுவேலு குச்சிய உருவிப் பாத்தானில்ல, அதுதான் நெசம்.”

“எண்ணாம உட்டுருமா?”

வெள்ளியங்கிரி கையைத் துடைத்துக்கொண்டார். தெருவைப் பார்த்தார்.

“மீட்டருக்குப் போற ஃபியூசு ஒண்ணு இருக்குதுங்க, சுண்டு வெரல் நகமாட்ட. அதப் புடுங்கி ஜோப்புல போட்டுக்கிட்டா வண்டி பாட்டுக்கு ஓடும். கிலோமீட்டர் நகராது. எண்ணற டப்பாவும் தூங்கிரும். பெங்களூரு போயிட்டு வந்து மறுக்கா சொருகி வெச்சுட்டா, வண்டி ஷெட்ட உட்டே எறங்கலைன்னு சொல்லிப் போடலாம்.”

“யாரு பெங்களூரு போனாங்க?”

“நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க.”

“நீங்க பேச்சுக்குச் சொல்ற ஆளா?”

“என்னைய உட்ருங்க அம்மணி. அவங்க மில் வண்டி எல்லாம் எங்கிட்டத்தான் வருது.”

போதுமாயிருந்தது. அன்று மாலை தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். திருமலைசாமி மாதம் ஒருமுறை பஞ்சு வாங்கப் பம்பாய் போவார். அந்த நாட்களில் சாமுவேலுக்கு ஓய்வு. வீட்டில் கிடந்து அவள் உயிரை வாங்குவான். கார் ஷெட்டில் நிற்பதாகப் பெயர். அப்படி அவன் வீட்டில் இருந்த நாட்களுக்கு முந்தைய சொட்டையும் பிந்தைய சொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு முறையும் நிறம் ஒரு படி இறங்கியிருந்தது. மீட்டர் எண்ணோ ஏறக்குறைய அப்படியே நின்றது. ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு ஆயில் கறுக்குமா?

திருமலைசாமிக்கு ஒரே மகன், சசிதர். இருபத்து நாலு வயது. முன்பு ஒரு காரை மரத்தில் மோதியதிலிருந்து அப்பா சாவியைத் தொட விடுவதில்லை. தினமும் சாயந்திரம் ஷெட்டுக்கு வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போவார். பையனுக்குப் பந்தயப் பைத்தியம். சத்தியமங்கலம் தாண்டி, பெங்களூரு போகும் வழியில் உள்ள திம்பம் மலையின் இருபத்தேழு வளைவையும் எத்தனை நிமிடத்தில் ஏறலாம் என்று பேசித் திரிபவன்.

கடைசித் திங்கட்கிழமைத் தாளில், சொட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் நாலு வரி இருந்தது. முதல் தடவை அவள் கவனிக்காமல் விட்டது.

‘மீட்டர் ஃபியூசு கழட்டி மாட்டிய தடம். சின்னவரிடம் கேட்டேன். ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் முதலாளியிடம் தானே சொல்வதாகச் சத்தியம் செய்தார். ஒரு வாரம் பொறுக்கிறேன்.’

அவள் அதைப் படித்துவிட்டுச் சாமுவேலை வாய்க்கு வந்தபடி திட்டினாள். போட்டோவில் இருந்தவனை, உரக்க, பக்கத்து வீட்டுக்காரி பக்ருன்னிசா ஓடி வரும் அளவுக்கு. ஒரு வாரம் பொறுத்தானாம். யார் வீட்டுப் பிள்ளைக்கு?

“என்னடி ஆச்சு?” என்றாள் பக்ருன்னிசா.

“ஒண்ணுமில்லக்கா. இவரு எத்தன நல்லவருன்னு இப்பத்தான் படிச்சேன்.”

சசிதரின் பேச்சு இருந்த ஒரே தாள் அது. சாமுவேலுக்குத் தெரிந்திருந்தது என்று காட்டும் ஒரே தாளும் அதுதான். அதைக் காட்டினால் சாமுவேல் மேலும் பழி விழும். மறைத்தால் சின்னவர் தப்பிப்பார். இரண்டு முறை அடுப்படி வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தாள். கடைசியில் அதைக் காட்டுவதற்கு ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தாள்.

தை அமாவாசைக்கு அப்பாவும் மகனும் கொடுமுடி போய், காவிரியில் ராமாமணியம்மாளுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வருவார்கள் என்று தெரிந்துகொண்டாள். அதற்காக இரண்டு மாதம் காத்திருந்தாள். அவள் வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்த கை காய்வதற்குள் போய் நிற்க வேண்டும்.

அமாவாசையன்று பகல் பதினொன்றரைக்கு ரேஸ்கோர்ஸ் பங்களாவுக்குப் போனாள். காம்பவுண்டுச் சுவர் மேல் காக்கைக்கு வைத்த சோறு இருந்தது. போர்ட்டிகோவில் திருமலைசாமி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சசிதர் தர்ப்பணத்துக்குக் கட்டிய வேட்டியோடு படியில் நின்றான்.

“யாரும்மா?”

“சாமுவேல் பொண்டாட்டிங்க.”

அவர் முகம் இறுகியது. “கேசுன்னா வக்கீலப் போய்ப் பாரு. இன்னைக்கு அமாவாசை.”

“தெரியுங்க. அதனாலதான் இன்னைக்கு வந்தேன்.”

அவள் கேட்காமலேயே குனிந்து, பூந்தொட்டியிலிருந்து கூழாங்கற்களை எடுத்து, படியில் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து மேலே கல் வைத்தாள். பத்தொன்பது தாள். சசிதர் வாட்ச்மேனைக் கூப்பிட்டான். கிழவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

அவர் ஐம்பது வருடமாகப் பஞ்சைப் பார்த்தவர். ஒரு பிடி பஞ்சை வெயிலில் காட்டி, நிறத்தை வைத்தே எந்தச் சீமை, எத்தனை நாள் கிடங்கில் கிடந்தது என்று சொல்பவர். சொட்டுகளைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்தார். குனிந்தார். ஏழாவது தாளுக்கும் எட்டாவது தாளுக்கும் நடுவே விரல் நின்றது.

“நாலு நாள்ல எப்படி இத்தன கறுத்துது? மீட்டரு ஒம்பது கிலோமீட்டர்தான ஏறியிருக்கு?”

“அந்த நாலு நாளும் நீங்க பம்பாயில இருந்தீங்க. டிரைவரு எங்க ஊட்டுல இருந்தாரு.”

விரல் நகர்ந்தது. பதினொன்று. பதினாலு. பதினேழு.

“நைனா, உள்ள வாங்க. எதையோ கறையாக்கிக் கொண்டாந்து…” என்றான் சசிதர்.

“இதையும் பாத்துருங்க” என்று அந்தத் திங்கட்கிழமைத் தாளைப் படியிலிருந்து எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். “அப்ப உன்ற புருஷனுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“தெரிஞ்சிருக்குதுங்க. உங்க பையன் சத்தியத்த நம்பி ஒரு வாரம் பொறுத்தாரு. அது அவரு தப்பு. அதுக்கு அவரு செத்தாச்சு. ஆயில் மாத்தோணும்னு கேட்டப்ப, மஞ்ச லைட்டு வரட்டும்னது உங்க தப்பு. அதுக்கு அம்மா போயாச்சு. மிச்சம் ஒருத்தரு இருக்காருங்க.”

கிழவர் மகனிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். கயல்விழிக்கு மொழி தெரியாது. சசிதர் படியிலேயே உட்கார்ந்துவிட்டதால் பதில் தெரிந்தது. கிழவர் இப்போது தமிழில், அவளுக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ, சொன்னார்: “காலையில ஆத்துல நின்னு அம்மா அம்மான்னு எள்ளெறச்சியேடா. எப்படிடா கை வந்துச்சு?”

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கயல்விழி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இதைச் சொல்வதில் வெட்கம் என்ன, அவளுக்கு அது நன்றாக இருந்தது. நாலு மாதமாக நாக்கில் ஒட்டாத ருசி அன்றைக்கு ஒட்டியது.

“என்ன வேணும் உனக்கு?” என்றார் அவர்.

அவள் பையிலிருந்து தானே அடித்த காகிதத்தை எடுத்தாள். காவல் நிலையத்துக்கு அவர் எழுதும் வாக்குமூலமாக அடித்திருந்தாள். டிரைவர் ஆயிலை மாற்றச் சொல்லிக் கேட்டதும், தான் மறுத்ததும், மகன் மீட்டரை நிறுத்தி வண்டி ஓட்டியதும் வரிசையாக இருந்தன. கீழே கையெழுத்துக்கு இடம்.

அவர் பேனாவை எடுத்தார். மகன் பெயர் இருந்த மூன்று வரியையும் கோடு போட்டு அடித்தார்.

“டிரைவர் மேல தப்பில்ல, ஆயில மாத்த நான்தான் ஒத்துக்கலைன்னு கையெழுத்துப் போடறேன். ஸ்டேஷனுக்கும் நானே வாரேன். சுங்கத்துல வந்து நாலு பேரு முன்னால சொல்லச் சொன்னாலும் சொல்றேன். இவன் பேரு மட்டும் வேண்டாம் அம்மணி. எனக்கு இவன் ஒருத்தன்தான்.”

கயல்விழியின் கை தானாக நீண்டது. கையெழுத்து விழுந்தால் சாயந்திரத்துக்குள் சாமுவேலின் பெயர் சுத்தமாகிவிடும். டீக்கடை வாய் மூடும். அந்த அறிக்கையில் ஒரு வரி மாறும். அதற்குத்தானே புறப்பட்டாள்.

அப்போது சசிதர் முகத்திலிருந்து கையை எடுத்தான். அப்பாவையும் பேனாவையும் பார்த்தான். நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு இறங்கியது. பிழைத்துக்கொண்டவனின் மூச்சு.

அந்த மூச்சைக் கேட்டதும் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“அவரு பேரு இருந்தா வாங்கிக்கறேனுங்க. இல்லீன்னா வேண்டாம்.”

“பிடிவாதம் புடிச்சா உனக்கு ஒண்ணும் கெடைக்காது.”

“உங்களுக்கு மட்டும் என்னங்க கெடைக்கப் போவுது?”

கற்களை ஒதுக்கித் தாள்களைப் பொறுக்கினாள். பதினெட்டை எடுத்துக்கொண்டாள். பென்சில் வரி இருந்த தாள் அவர் கையிலேயே இருந்தது. அவர் அதை நீட்டினார்.

“அது உங்க ஊட்டுலயே இருக்கட்டுங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே மேசையில உக்காந்து சோறு திங்கறப்பப் பாத்துக்குங்க.”

“அக்கா” என்றான் சசிதர்.

“அந்த மொறைய எங்கிட்டச் சொல்லாதீங்க” என்றாள்.

அந்தத் தாள் இல்லாமல் கோர்ட்டில் மற்றப் பதினெட்டும் வெறும் கறை என்பது, பதினோரு வருடம் கோர்ட்டு எதிரில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் விட்டுவிட்டு வந்தாள். திரும்பி நடக்கும்போது சுவர் மேல் காக்கைகள் சண்டை போட்டுக்கொண்டு தின்றுகொண்டிருந்தன.

சித்திரையில் வெள்ளியங்கிரி டைப்ரைட்டிங் கடைக்கு வந்தார். ஏதோ மனு அடிக்க என்று வந்தவர், மனுவை விட்டுவிட்டுக் கதையைச் சொன்னார். முதலாளி அந்தத் தாளைக் கிழிக்கவில்லையாம். மில் ஆபீசில் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாராம். மகன் எதிரே வந்து நிற்கும்போதெல்லாம் அதன் மேல் கை வைத்துக்கொண்டு பேசுகிறாராம். ஒரே காரில் இருவரும் ஏறுவதில்லை. மகனுக்குப் பொண்ணு பார்த்திருந்த இடம் தட்டிப்போனது. சின்னவர் தாராபுரத்தில் பருத்திக் கொட்டை நீக்கும் ஜின்னிங் பாக்டரிக்குப் போய்விட்டார், அமாவாசைக்குக்கூட வருவதில்லை.

“உங்களுக்குத் திருப்தியாங்க அம்மணி?” என்றார்.

“ஆமாங்க” என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

ஆடியில் கேஸ் முடிந்தது. ஓட்டுநரின் கவனக்குறைவு என்பதே நின்றது. சுங்கத்தில் புதிதாக வந்த டிரைவர்களுக்கும் பழையவர்கள் அதே கதையைச் சொன்னார்கள். அவள் அதைக் கேட்டுக்கொண்டே தாண்டிப் போனாள். சாமுவேல் இருந்திருந்தால் அந்தக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்திருப்பான் என்று சில காலைகளில் தோன்றும். அவன் ஒரு வாரம் பொறுக்கிறவன். அவளால் அந்த ஒரு மூச்சைப் பொறுக்க முடியவில்லை. அதற்கு விலையாக அவன் பெயரையே கொடுத்துவிட்டாள். திரும்ப அந்தப் படியில் நிறுத்தினாலும் அதையேதான் செய்வாள்.

அந்த ஐப்பசியில், வருஷம் திரும்பிய அன்று, பஸ் ஏறிப் போய்க் குண்டடத்துக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கிப் பார்த்தாள். சாலையில் தடம் எதுவும் இல்லை. பக்கத்தில் மஞ்சள் தலை வைத்த மைல்கல் சின்னவர் இருக்கும் ஊரைக் காட்டியது: தாராபுரம் 19.